பழையாற்றுத் தண்ணீரின் சூடும் வேகமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை வட்டத்தில் குளிக்கக் கிடைக்கும் ஓடுநீர் மூன்று வகையாக வருகிறது. மகேந்திரகிரியை ஒட்டிய மலைச் சரிவுகளிலிருந்து நேரே இறங்கும் ஓடைகள் ஒரு வகை. காளிகேசமும் உலக்கை அருவியும் இதில் சேரும். சுருளோடு பகுதியில் தொடங்கி, பூதப்பாண்டி, வீரநாராயணமங்கலம், சுசீந்திரம் வழியாக மணக்குடிக் காயலில் கடலைச் சேரும் பழையாறு இரண்டாவது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீரைக் கொண்டுவரும் தோவாளை சானலும் அதன் கிளைக் கால்களும் மூன்றாவது. ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே நேரத்தில் இந்த மூன்றிலும் இறங்கினால் மூன்று விதமாகக் குளிரும். வெயிலையும் மாதத்தையும் வைத்து மட்டும் தண்ணீரைக் கணிக்க முடியாது. அது எங்கிருந்து, எத்தனை மணி நேரம் ஓடி வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இந்தச் சமவெளியின் ஓடுநீர் ஆண்டு முழுவதும் ஒரு குறுகிய எல்லைக்குள்தான் அசைகிறது. மார்கழி விடியலில் 24, 25 டிகிரி செல்சியஸ்; சித்திரைப் பிற்பகலில் ஆழமற்ற இடத்தில் 31 டிகிரியோ சற்று மேலோ. ஐரோப்பிய ஆறுகள் பனிக்காலத்தில் உறைநிலையை நெருங்கிக் கோடையில் 20 டிகிரியைத் தாண்டுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஆனால் மனித உடல் தண்ணீரில் இரண்டு டிகிரி வேறுபாட்டையும் உணரும். ஆடியில் பல் கிட்டுகிறது என்று சொல்பவர் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டியதில்லை.

ஆற்று நீர் சூடாவதும் குளிர்வதும் ஒரு வரவு செலவுக் கணக்கு. வரவில் பெரிய பங்கு வெயில். தண்ணீருக்கு வெப்பக் கொள்ளளவு மிகுதி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 500 வாட் வெயில் இறங்குவதாகக் கொண்டால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் மணிக்கு 0.4 டிகிரி அளவே உயரும். அதே வெயில் ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவாகத் தேங்கிய தண்ணீரை மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். கோடையில் பழையாற்றின் மணல் திட்டைச் சுற்றிய தண்ணீர் காலைச் சுடுவதும், பத்தடி தள்ளியுள்ள ஆழமான கசத்தில் முங்கினால் குளிர்ச்சி தட்டுவதும் இதனால்தான்.

செலவில் பெரிய பங்கு ஆவியாதல். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,450 கிலோஜூல் ஆற்றலைக் கொண்டுபோகிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள நீர்ப்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் ஆவியானால், மீதித் தண்ணீர் அரை டிகிரிக்கு மேல் குளிரும். இங்கேதான் தோவாளையின் இருப்பிடம் கணக்கில் நுழைகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் மேற்கு வாசலில் இருக்கிறது இந்த ஊர். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் கிடைத்த அந்த இடைவெளிக்குள் நெருக்கியடித்துப் புகுந்து கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் குவிந்திருப்பதற்கும் அதுவே காரணம். அந்தக் காற்று குளத்தையும் சானலையும் தடவிக்கொண்டு போகும்போது ஆவியாதலைக் கூட்டித் தண்ணீரைக் குளிர்விக்கிறது. குளித்துக் கரையேறியவரின் உடம்பையும் அது விட்டுவைப்பதில்லை.

இரவில் வெயில் வரவு நின்றுபோகிறது; செலவு நிற்பதில்லை. எனினும் தண்ணீர் காற்றைவிட மெதுவாகவே குளிர்கிறது. ஒரு நாளில் காற்றின் வெப்பம் எட்டு, பத்து டிகிரி ஏறி இறங்கினால், நடுத்தர ஆழமுள்ள ஓடுநீர் இரண்டு, மூன்று டிகிரியோடு நின்றுகொள்ளும். தண்ணீர் ஆகக் குளிர்ந்திருப்பது சூரியன் எழுந்த சற்று நேரத்துக்குப் பிறகு. ஆகச் சூடாயிருப்பது பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணிக்குள். மார்கழி விடியலில் காற்று 22 டிகிரிக்கு இறங்கியிருக்கும், சானல் தண்ணீரோ 25-ஐ ஒட்டி நிற்கும். படித்துறையில் நடுங்கியபடி வந்தவருக்கு முழங்கால் நனைந்ததும் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தெரிகிறது. சில விடியல்களில் தண்ணீரின் மேல் மெல்லிய ஆவி எழுவதும் இந்த வேறுபாட்டால்தான். அதே தண்ணீர் நண்பகலில் ஒரு டிகிரி கூடியிருந்தாலும், வெயிலில் நடந்து வந்தவருக்குக் குளிர்ந்தே தோன்றும். தோல் வெப்பநிலையை அளப்பதில்லை. தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் உணர்கிறது.

மலையின் பங்கு தனி. உயரம் ஒவ்வொரு கிலோமீட்டர் கூடும்போதும் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. மகேந்திரகிரி ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரம். உச்சியும் அடிவாரமும் பத்து டிகிரி வேறுபடும். மேலே பெய்த மழை அந்தக் குளிர்ச்சியோடு இறங்குகிறது. சோலைக்காட்டின் நிழலில் ஓடுவதால் வழியில் வெயில் வரவும் குறைவு. காளிகேசத்தின் பாறைக் குழிகளில் மே மாதத்திலும் தண்ணீர் சில்லென்றிருப்பதற்கு இவை இரண்டும் காரணம். அருவித் தண்ணீருக்கு இன்னொன்றும் உண்டு. விழும்போது துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலப்பதால் அங்கேயே ஆவியாதல் நடந்து மேலும் குளிர்கிறது. உயரத்திலிருந்து விழுவதால் தண்ணீர் சூடாக வேண்டும் என்று இயற்பியல் சொல்லும். ஆனால் நூறு மீட்டர் விழுந்தாலும் அந்தச் சூடு கால் டிகிரியைத் தாண்டாது.

அணைத் தண்ணீரின் கதை இன்னும் சுவையானது. பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில், பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சின் மேற்பார்வையில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்டது. பெருஞ்சாணி அணை 1950-களின் தொடக்கத்தில் பறளியாற்றின் குறுக்கே எழுந்தது. பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணியினுடையது 77 அடி. இத்தனை ஆழத்தில் தேங்கிய தண்ணீர் ஒரே சூட்டில் இருப்பதில்லை. கோடை வெயில் மேற்பரப்பைச் சூடாக்குகிறது. சூடான தண்ணீர் அடர்த்தி குறைந்தது, ஆகவே மேலேயே மிதக்கிறது. அடியில் பழைய குளிர்ந்த தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. வெப்ப மண்டல அணைகளில் மேலுக்கும் அடிக்கும் சில டிகிரி வேறுபாடு வழக்கமானது. மேற்பரப்போடு கலக்காத அடித்தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் குறைவு. பருவமழை தொடங்கிக் காற்றும் புதுவெள்ளமும் புகும்போதுதான் இந்த அடுக்கு கலைகிறது. பாசன மதகு அணையின் அடிப்பகுதியில் இருக்கும். ஆகவே ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்காக முதலில் திறக்கப்படும் தண்ணீர், அணையின் மேலே மிதக்கும் கோடைச் சூட்டோடு வருவதில்லை. அடியில் கிடந்த குளிர்ச்சியோடு வருகிறது.

அந்தக் குளிர்ச்சி தோவாளை வரை நிலைக்குமா என்பது பயண நேரத்தைப் பொறுத்தது. அணைத் தண்ணீர் 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் கட்டப்பட்ட புத்தன் அணையில் திரும்பி, பாண்டியன் பெயரால் வழங்கும் பழைய காலுக்குள் புகுந்து, கிளை கிளையாகப் பிரிந்து, தோவாளை உள்ளிட்ட நாஞ்சில் நாட்டுக்குள் வருகிறது. கால்வாய் நீர் நொடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் கடக்கும். 25 கிலோமீட்டர் நகர 10 மணி நேரம். விடியற்காலையில் தோவாளைப் பக்கம் வந்துசேரும் தண்ணீர் இரவு முழுக்க ஓடி வந்தது. வழியில் வெயிலே காணாதது. மாலை ஐந்து மணிக்கு வரும் தண்ணீர் பகல் முழுவதும் வெயில் காய்ந்தது. நிழல் தரும் மரங்கள் நின்ற கரைகளில் இந்தச் சூடேற்றம் குறையும்; சிமெண்ட் பூசிய திறந்த கரைகளில் கூடும். கடைமடையில் குளிப்பவர்களுக்கு அணையின் குளிர்ச்சி கிட்டுவதே இல்லை எனலாம்.

இனி உடம்பின் பக்கம். ஓய்வாயிருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆடையற்ற உடல் தண்ணீருக்குள் குளிரவும் புழுங்கவும் இல்லாமல் அசையாது இருக்க, அந்தத் தண்ணீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. 28 டிகிரிக் காற்றில் வியர்க்கும். 28 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் சும்மா நின்றால் நடுக்கம் வரும். நீந்துபவர் நிலை வேறு. தசைகள் இயங்கும்போது 400, 500 வாட் வெப்பம் பிறப்பதால் அவருக்கு 25 முதல் 28 டிகிரி வரை மிகப் பொருத்தம். போட்டிக் குளங்களையும் இந்த எல்லைக்குள்தான் வைத்திருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டு ஓடுநீர் தென்மேற்குப் பருவம் தொடங்கி மாசி வரை பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. வேறு நாடுகளில் மின்சாரம் செலவழித்துப் பெறுவது இங்கே இலவசம்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. எடையோடு ஒப்பிடும்போது அவர்களுடைய உடற்பரப்பு அதிகம். தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. ஆகவே வேகமாகக் குளிர்ந்துபோவார்கள். உதடு நீலம் பாய்ந்து தாடை அடித்துக்கொள்ளும்போதும் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சுவது அவர்கள் இயல்பு. அப்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்காமல் கரையேற்றித் துவட்டுவதே சரி. ஈரத் துண்டோடு காற்றில் நிற்பதும் குளிப்பதைப் போலவே வெப்பத்தை உறிஞ்சும். உடம்பில் ஒட்டிய 50 கிராம் தண்ணீர் ஆவியாக 120 கிலோஜூல் தேவை. அதில் ஒரு பகுதியைக் காற்று தந்தாலும், மீதி உடம்பிலிருந்துதான் போகிறது. ஆடி மாதத் தோவாளைக் காற்றில் இது சில நிமிடங்களில் நடந்து முடிகிறது.

சூட்டின் மறுமுனையிலும் ஆபத்து உண்டு என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டியில் அமெரிக்க வீரர் ஃப்ரான் கிரிப்பன் இறந்துபோனார். அன்று கடல் மிகச் சூடாக இருந்தது. வியர்வை ஆவியாக வழியில்லாத தண்ணீருக்குள் கடுமையாக நீந்துபவரின் உடல் சூட்டை இறக்கிவைக்க இடமில்லை. அதன் பிறகு திறந்தவெளி நீச்சல் போட்டிகளுக்குத் தண்ணீரின் மேல் எல்லை 31 டிகிரி என்று உலக நீச்சல் அமைப்பு விதித்தது. கீழ் எல்லை 16. சித்திரைப் பிற்பகலில் பழையாற்றின் தேங்கிய பகுதிகள் அந்த மேல் எல்லையைத் தொடக்கூடியவை. முங்கிக் குளிப்பவருக்கு இதனால் கேடில்லை. பயிற்சிக்காக மணிக்கணக்கில் நீந்துபவர் காலையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். குளிர் அதிர்ச்சி என்று மேலைநாட்டு நூல்கள் எச்சரிப்பது, 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் திடீரென விழும்போது மூச்சு தன் கட்டுப்பாட்டை இழந்து வேகமெடுப்பது. தோவாளைச் சமவெளியில் அதற்கு வாய்ப்பே இல்லை.

பருவங்களின் வரிசை இந்த மாவட்டத்தில் தமிழகத்தின் மற்ற பகுதிகளைப் போன்றதல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமும் இரண்டுமே மழை தருகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெல் சாகுபடிகளும் இதன்மேல் நிற்கின்றன. குளிப்பவரின் ஆண்டும் இந்தப் பாசன ஆண்டோடு ஒட்டியே நடக்கிறது.

மாசி முடிவில் அணை மதகுகள் அடைபட்டதும் சானல்கள் வற்றுகின்றன. பங்குனி, சித்திரை, வைகாசியில் பழையாற்றின் ஓட்டம் மெலிந்து, சோழன்திட்டை போன்ற தடுப்பணைகளுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. ஆண்டின் மிகச் சூடான தண்ணீர் இது; ஓட்டமில்லாததால் இழுத்துச் செல்லும் ஆபத்து குறைவு. ஆனால் அழுக்கும் இதில்தான் அதிகம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆகாயத்தாமரை மூடிய இடங்களில் காற்றும் வெளிச்சமும் உள்ளே புகாததால் அதுவும் கிடைப்பதில்லை. கறுத்த சேறும் நாற்றமும் மிஞ்சுகின்றன. இந்த மூன்று மாதங்களில் ஊர்க் குளத்தையோ தேங்கிய ஆற்றையோ விட மலையோடைக் குளியலே மேல்.

இடையில் வரும் கோடை மழையைத் தனியே சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் மேகம் திரண்டு மலைமேல் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். கீழே காளிகேசத்திலோ கீரிப்பாறையிலோ வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சரிவு செங்குத்தாகவும் ஓடை குறுகலாகவும் இருப்பதால் அந்த மழை அரைமணி, முக்கால் மணி நேரத்தில் காட்டாற்று வெள்ளமாக இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கூடுவது ஆகியவை முன்னறிகுறிகள்; உயரத்து மழை கலப்பதால் தண்ணீர் சட்டென்று குளிர்வதும் உண்டு. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே கரையேற வேண்டும். பாறை நடுவில் நிற்பவர், துணியை எடுக்க மறுகரைக்குப் போகக் கூடாது.

ஆனி, ஆடி, ஆவணி ஓடுநீர் நிறைந்த காலம். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் அணைத் தண்ணீரும் சேர்ந்து சானல்கள் விளிம்பு வரை ஓடுகின்றன. மேகமூட்டத்தால் வெயில் வரவு குறைவு, காற்றால் ஆவிச் செலவு அதிகம், மலை மழையின் குளிர்ச்சி வேறு; ஆகவே சித்திரையைவிடத் தண்ணீர் நான்கைந்து டிகிரி குளிர்ந்துவிடுகிறது. வேறெங்கும் கோடை முடிந்த பிறகும் வெக்கை தொடரும் நேரத்தில் குமரிக்காரர்கள் குளிரைப் பற்றிப் பேசுவதற்கு இதுவே காரணம். இந்தக் காலத்தில் கடலும் குளிர்கிறது. பருவக்காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழும்புகிறது; ஏப்ரலில் 29, 30 டிகிரியாக இருந்த குமரிக் கடற்பரப்பு ஆகஸ்டில் சில டிகிரி இறங்குகிறது. மணக்குடிக் காயலில் ஆற்றுநீரும் கடல்நீரும் ஒருசேரக் குளிர்ந்திருக்கும் மாதங்கள் இவை. மக்கள் பெருமளவில் தண்ணீரில் இறங்கும் ஆடி அமாவாசையும் ஆடிப்பெருக்கும் இந்தக் காலத்திலேயே வருகின்றன. குழித்துறைத் தாமிரபரணியில் வாவுபலிக்காகக் கூட்டம் கூடுவது, ஆறு வேகமெடுத்து ஓடும் நாட்களில்தான்.

புரட்டாசி ஓர் இடைவெளி. காற்று அடங்கி, வெயில் மீண்டும் உறைக்கிறது. தண்ணீர் ஓரிரு டிகிரி ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தின் துலா மழை. இடியோடு பிற்பகலிலும் இரவிலும் பெய்யும் மழை இது. ஆபத்தான காலம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தை ஒட்டிய கடலில் கடந்து போனபோதும், 2021 நவம்பர் பெருமழையிலும் நாஞ்சில் நாட்டின் வயல்களும் சாலைகளும் வெள்ளத்தில் மூழ்கின. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் உபரிநீர் கோதையாறு, பறளியாறு வழியாகக் குழித்துறைப் பக்கம்தான் போகிறது. ஆகவே அணை திறப்பு எச்சரிக்கை அந்தக் கரைகளுக்கு வருகிறது. பழையாற்று வெள்ளம் பெரும்பாலும் அதன் சொந்தச் சரிவுகளில் பெய்த மழையாலும், நிரம்பிய குளங்கள் மறுகால் பாய்வதாலும் வருவது. அதற்கு முன்கூட்டி அறிவிக்க ஒரு மதகும் இல்லை. அணைமட்டம் பாதிதான் என்ற செய்தியைப் படித்துவிட்டு பூதப்பாண்டிப் படித்துறையில் துணிந்து இறங்குவது பிழையான கணக்கு.

மார்கழி முதல் மாசி வரை தண்ணீர் தெளிந்து, மிதமான ஓட்டத்தோடு, 24 முதல் 28 டிகிரிக்குள் நிற்கிறது. மழை விட்டிருக்கும், அணை இன்னும் அடைபட்டிருக்காது, அடித்தரையும் கண்ணுக்குத் தெரியும். நீச்சல் கற்கவும் கற்பிக்கவும் இதைவிட நல்ல காலம் இந்த வட்டாரத்தில் இல்லை. தெளிந்த தண்ணீரில் ஒரு ஏமாற்று மட்டும் உண்டு: ஒளி முறிவதால் ஆழம் முக்கால் பங்காகத் தெரியும். எட்டடிக் கசம் ஆறடியாகத் தோன்றும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாக.

குளிர் இங்கே கொல்வதில்லை, வேகம் கொல்கிறது. ஓடும் தண்ணீர் உடம்பைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவரின் கால்கள் ஏறத்தாழ கால் சதுர மீட்டர் பரப்பை ஓட்டத்துக்கு எதிராகக் காட்டுகின்றன. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பன்னிரண்டு கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். இரண்டு மீட்டர் வேகத்தில் அது ஐம்பது கிலோ. அதே நேரத்தில் மிதப்பு விசை உடலைத் தூக்குவதால், 60 கிலோ மனிதரின் பாதங்களில் அழுந்துவது 30 கிலோ அளவே. பாசி படிந்த கல்லில் அந்த எடை தரும் உராய்வுப் பிடி பத்து கிலோ விசையைக்கூடத் தாங்குவது கடினம். ஆகவே மெதுவாக ஓடுவதாகத் தோன்றும் இடுப்பளவுத் தண்ணீரிலேயே கால் பறிபோகிறது. நீச்சல் வல்லமை இதில் உதவுவது குறைவு. பயிற்சி பெற்ற ஒருவர் நீந்தக்கூடிய வேகம் நொடிக்கு ஒரு மீட்டரை ஒட்டியதுதான். அதைவிட வேகமான ஓட்டத்தை எதிர்த்து அவராலும் கரை சேர முடியாது. ஓட்டத்தோடு போய், கரையை நோக்கிச் சாய்வாக நீந்துவது ஒன்றே வழி.

சானலின் ஆபத்து ஆற்றினுடையதைப் போன்றதல்ல. கரை செங்குத்து, பிடிக்கச் செடியில்லை, ஆழம் ஒரே சீர், ஓட்டம் எங்கும் தணிவதில்லை. மதகு வாயிலிலும், சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்களிலும் தண்ணீர் உறிஞ்சி இழுக்கும். தடுப்பணைக்குக் கீழே விழும் தண்ணீர் தன்னையே திரும்பச் சுருட்டிக்கொள்ளும். அதில் அகப்பட்டவரை மேலே வரவிடாது. தொலைவிலிருந்து பார்க்க அந்த நுரை அழகாக இருப்பதுதான் துன்பம். ஆற்றில் மணல் அள்ளிய குழிகள் வேறு. முழங்கால் ஆழத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்ததும் தலைக்குமேல் தண்ணீர் போய்விடும். முறைப்பாசனத்தில் ஒரு காலை அடைத்து மற்றொன்றைத் திறக்கும் நாட்களில், நேற்று முழங்காலளவு ஓடிய இடத்தில் இன்று மார்பளவு ஓடலாம்.

தண்ணீரின் தூய்மையும் பருவத்தோடு மாறுகிறது. திறந்தவெளிக் குளியலுக்கு ஏற்ற நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவுகளின்படி, 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 500-க்கு மிகக் கூடாது; கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது; அமில காரத் தன்மை 6.5 முதல் 8.5-க்குள் இருக்க வேண்டும். மலையடிவாரத்தில் பழையாறு இந்த அளவுக்கு நெருக்கமாக இருக்கிறது. நாகர்கோவிலைத் தொட்டதும் நகரக் கழிவு கலக்கிறது. அங்கிருந்து சுசீந்திரம் வரையிலான நீட்சியில் கோடையில் முங்கிக் குளிப்பதைத் தவிர்ப்பதே நல்லது. மழைக்காலத்தின் முதல் வெள்ளமும் தூயதல்ல; நிலத்தில் ஆண்டு முழுவதும் சேர்ந்த அழுக்கை வாரிக்கொண்டு வருவது அதுதான். எலிக்காய்ச்சல் கிருமி இந்தத் தண்ணீரில், காலில் உள்ள வெடிப்பும் சிராய்ப்பும் வழியாக உடலுக்குள் நுழைகிறது.

சூடான தேங்கு நீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா அண்மைக் காலத்தில் கவனம் பெற்றிருக்கிறது. 2024-லும் 2025-லும் அண்டை மாநிலமான கேரளத்தில், குமரியை ஒட்டிய திருவனந்தபுரம் மாவட்டம் உட்பட, பலர் அமீபா மூளைத் தொற்றுக்கு ஆளானார்கள். இது தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை. மூக்கு வழியே மேலேறுகிறது. ஓட்டமுள்ள குளிர்ந்த தண்ணீரில் வாய்ப்பு மிகக் குறைவு. வெயிலில் காய்ந்து, அடிச் சேறு கலங்கிய குளத்தில் தலைகீழாகக் குதிப்பதுதான் ஆபத்தை அழைப்பது. அரிய நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர் சிலரே. கோடைக் குளத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு முங்கும் பழக்கம் நல்ல பழக்கம்.

புதிய இடத்தில் இறங்குமுன் ஒரு சருகைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். பத்து மீட்டரைப் பத்து நொடிக்குள் அது கடந்தால் அங்கே முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். தண்ணீர் கலங்கியிருந்தாலும், மலைப்பக்கம் கறுத்திருந்தாலும் அன்று கரையிலேயே மொண்டு குளித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க நினைப்பவர்கள் கோடை விடுமுறை வரை காத்திருக்காமல் தை மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.